மெக்கானிக் கை

பாப்பாவுக்கு நைனா எழுதுவது. சாயந்தரம் லேபிலிருந்து வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு இதைப் படி. படித்து முடிக்கும்வரை என்னைத் தேடாதே, நான் கீழே வேப்பமரத்தடி பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். நேரில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நேரில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே என் குரல் ஏறிவிடும். நீயும் "சரி சரி, மாத்திர போட்டியா நைனா?" என்று பேச்சை மாற்றிவிடுவாய். இந்த விளையாட்டில் எப்போதும் நீதான் ஜெயிக்கிறாய். எழுத்து என்றால் எனக்கும் கொஞ்சம் பிடிமானம் உண்டு. பத்தாவதோடு நின்றவன்தான், ஆனாலும் பதினைந்து வருஷம் எங்கள் டிரெய்லர் தொழிலாளர் சங்கத்துக் கரும்பலகையில் நோட்டீஸ் எழுதியது இந்தக் கைதான். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி வைத்துக்கொள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ பால்கனியில் நின்று உன் லேப் மேடத்தோடு போனில் பேசியது என் காதில் விழுந்துவிட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. நம் ஹவுசிங் போர்டு வீட்டில் பால்கனியில் ஒருத்தர் தும்மினால் அடுப்படியில் இருப்பவன் "நூறு" என்று சொல்லலாம், சுவரின் லட்சணம் அப்படி. "அந்த பிஎச்.டி. சீட்டை ஒரு வருஷம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேக்கலாமா மேடம்? நைனா தனியா இருப்பாரு. நான் போயிட்டா ரேஷன் கடையில விரல் வைக்கக்கூட ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். உன் அம்மா இறந்த வருஷம் நீ எட்டாவது படித்தாய். பள்ளியில் எல்லாரும் சுற்றுலா போனபோது "எனக்கு பஸ்ல வாந்தி வரும் நைனா" என்று இதே மாதிரி சிரித்துவிட்டு, வீட்டில் இருந்து எனக்குச் சோறு பொங்கினாய். உனக்கு பஸ்ஸில் வாந்தி வந்ததே கிடையாது. அன்றைக்கு நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. இந்தத் தடவை நம்பமாட்டேன். கடல் தாண்டிய அந்த யுனிவர்சிட்டிக்கு வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் எழுத வேண்டும். அதற்கு முன்னால் நான் சில விஷயங்களை உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையோரம், திருவொற்றியூர் ஷெட்டில், கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு அடியில் படுத்தே முப்பது வருஷம் போயிற்று. துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற வண்டிகளில் ஒன்று மக்கர் பண்ணினால், பின்னால் நிற்கும் டிரைவர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கியர் பாக்ஸை இறக்காமலேயே, சத்தத்தை வைத்து எந்தப் பல் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இது தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். வேலை முடிந்ததும் டீசலில் கை கழுவி, மரத்தூள் போட்டுத் தேய்த்து, அதற்கு மேல் சோப்புத்தூள் போடுவோம். அப்படியும் விரல் ஓரத்துக் கறுப்பு போகாது. எங்கள் ஷெட்டில் யாருக்குமே போகாது. அதனால் என் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் தடித்து, கறுத்து, வெடிப்பு விட்டபோது அது யாருக்கும் ஒரு சேதியாகவே தெரியவில்லை. ரேஷன் கடை மெஷினில் என் விரல் ரேகை விழாமல் போனபோதுகூட கடைக்காரர், "இன்னாண்ணே, ஸ்பானர் புடிச்சி புடிச்சி வெரலே தேஞ்சி பூட்ச்சா? போ, பாப்பாவ இட்டுகினு வா" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கண்ணைப் பார்த்து அரிசி போடும் கருவி நம் கடைக்கு இன்னும் வரவில்லை. கார்டில் இருப்பது நாம் இரண்டு பேர்தான். அன்றிலிருந்து மாதாமாதம் நீதான் போய் விரல் வைத்தாய், பரீட்சை இருந்த மாதங்களிலும்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு உன்னை நான் தப்பாக நினைத்த கதை ஒன்று இருக்கிறது. பத்தாவதில் நீ அறிவியலில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாய். பரிசு கொடுக்கும்போது பெற்றவர்களையும் மேடையில் ஏற்றினார்கள். தலைமை ஆசிரியை என்னிடம் குலுக்கக் கையை நீட்டினார். நான் என் கையைப் பார்த்தேன், அவருடைய வெள்ளைப் புடவையைப் பார்த்தேன், சட்டென்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டேன். அந்த நேரத்தில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். என் கை உனக்கு அசிங்கமாக இருக்கிறது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழு வருஷம் கேட்காமலேயே இருந்தேன்.

விரல் வெடிப்பு விட்ட பிறகுதான் பலம் குறைய ஆரம்பித்தது. முதலில் தலைக்கு மேலே கையைத் தூக்கி வேலை செய்ய முடியவில்லை. பிறகு படுத்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. என் கூட்டாளி காசிம் பாய் கவனித்துவிட்டார். ஆனால் வெளியே சொல்லவில்லை. "நீ சத்தத்த மட்டும் கேட்டுச் சொல்லு மாமு, நான் கழட்டிக்கிறேன்" என்று வண்டிக்கு அடியில் இருக்கும் கனமான கமான் பட்டையை அவரே இறக்கினார். அவர் செய்தது நட்பு, நான் செய்தது ஏமாற்று. நம் மூன்றாம் மாடிக்கு ஏற இரண்டாம் மாடியில் ஒரு தடவை நிற்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக்கூடாதே! அங்கே வாசலில் மீன் கழுவிக்கொண்டிருக்கும் செல்வி அக்காவிடம் பேச்சுக் கொடுப்பேன். தண்ணீர் லாரி வந்ததா, காசிமேட்டில் இன்று என்ன மீன், மழை வருமா. பத்து நாள் பதில் சொன்னவள், பதினோராம் நாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாண்ணே, டெய்லி எம் வாசல்லயே நின்னுகினு கீற? எம் புருசன் டூட்டி முட்ச்சிட்டு வர்ற நேரம், பாத்துக்க" என்றாள். இந்த வயதில் இப்படி ஒரு பெயரா என்று ஆகிவிட்டது எனக்கு. அடுத்த நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சாக ஏறி, கதவைச் சாத்தி, அதன் மேல் சாய்ந்துகொண்டு நிற்பேன். நீ வருவதற்குள் சரியாகிவிடும்.

உனக்குத் தெரியாமல் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ரத்தம் பார்த்தார்கள். ஈரல் சோதனையில் அளவுகள் ஏறியிருந்தன. அந்த டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "குடியை நிறுத்துங்க" என்றார். உன் அம்மா இருக்கும்போதே அதை விட்டவன் நான். "தொட்டு வருஷக்கணக்கா ஆச்சு சார்" என்றேன். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றார். நைந்துபோன தசையிலிருந்தும் அதே அளவுகள் ஏறும் என்று பின்னால் நீ சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து "ஈரல் கொஞ்சம் வீக்காம், ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க" என்று உன்னிடம் பாதியைச் சொன்னேன், மீதியை மறைத்தேன். இரண்டு மாதம் ஷெட் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன்.

அந்த இரண்டாவது மாதம்தான் நீ என்னை வலுக்கட்டாயமாக ரேஷன் கடைக்குக் கூட்டிப் போனாய். "கொஞ்சம் நட நைனா. கையில கிரீஸ் இல்ல, இப்ப வெரலு விழும் பாரு" என்றாய். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன், மெஷின் ஒன்றையும் ஏற்கவில்லை. நீ விரலை வைத்தாய், ஒரே நொடியில் சீட்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ரெண்டு மாசமா நீ டீசல் தொடல, கிரீஸ் தொடல. அப்பறம் இன்னாத்துக்கு நைனா இன்னும் வெடிச்சிகினே கீது?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்துப் படம் பிடித்தாய். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "எங்கையப் படம் புடிச்சிகினு போயி உங்கூடப் படிக்கிறவங்ககிட்ட காட்டிச் சிரிக்கப் போறியா? மேடையிலயே மூஞ்சத் திருப்பிகினவதான நீ!" என்று கத்திக்கொண்டே உன்னை அடிக்கக் கையை ஓங்கினேன்.

கை தோளுக்கு மேல் ஏறவில்லை. பாதியில் நின்றது. இத்தனை வருஷத்தில் உன் மேல் கை வைக்காதவன், வைக்க வந்த அன்றைக்குக் கை வரவில்லை. இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை, பாப்பா. வேறொரு பெண்ணாக இருந்தால் அழுதுகொண்டு அறைக்குள் போயிருப்பாள். உன் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. ஆனால் அடிக்க வந்ததை விட்டுவிட்டு, கை ஏறாததைப் பார்த்தாய். "நைனா, இன்னொரு தபா தூக்கு" என்றாய். தூக்கினேன். அதே இடத்தில் நின்றது. "கைய ஊணாம சேர்லேந்து எந்திரி" என்றாய். முடியவில்லை. அப்போது நீ எம்.எஸ்ஸி. கடைசி வருஷம், பெரிய ஆஸ்பத்திரி லேபில் தசை நோய் பற்றித்தான் புராஜெக்ட் செய்துகொண்டிருந்தாய். மறுநாள் காலை என்னை உன் மேடத்தின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாய்.

உன் மேடம், அந்த டாக்டரம்மா, என் முதுகில் குழாயை வைத்து, கீழ்ப்பக்கம் வெகுநேரம் கேட்டார். சத்தம் கேட்டுக் கோளாறு கண்டுபிடிக்கிற இன்னொரு ஆள் என்று அப்போதே அவரைப் பிடித்துப்போனது. பிறகு என் இரண்டு கையையும் மேஜை மேல் வைக்கச் சொல்லிப் பார்த்து, கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதினார். தலைகீழாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். "மெக்கானிக்ஸ் ஹேண்ட்ஸ்" என்று இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முதல் டாக்டர் குடிகாரன் என்றார், இந்த அம்மா கையைப் பார்த்ததுமே தொழிலை மரியாதையாக எழுதுகிறாரே! ஷெட்டுக்குப் போய் காசிம் பாயிடம் சொன்னேன். அவர் மற்றவர்களிடம் சொன்னார். "கேஸ் ஷீட்லயே ஏத்திட்டாங்கபா, மெக்கானிக்கோட கைன்னு. நம்ம தொழிலுக்கு ஆஸ்பத்திரில கீற மருவாதயப் பாரு" என்று ஷெட் முழுக்க டீ வேறு. மூன்று நாள் என்னை அந்தச் சந்தோஷத்திலேயே விட்டுவைத்தாய். நாலாம் நாள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அது தொழிலின் பெயர் இல்லை, வியாதியின் அடையாளத்துக்குப் பெயர் என்று சொன்னாய். இந்த வியாதியில் விரல் ஓரம் மெக்கானிக் கை மாதிரி வெடிக்குமாம். தையல்காரருக்கு வந்தாலும், வாத்தியாருக்கு வந்தாலும் அதே பெயர்தானாம்.

"கஸ்மாலங்க, எங்க தொழிலு பேர எதுக்கு வியாதிக்கு வெச்சானுங்க?" என்று குதித்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதான் நைனா பேஜாரே. ஒரு டீச்சருக்கு வந்திருந்தா கையப் பாத்ததும் கண்டுபுடிச்சிருப்பாங்க. நீ நெஜமாவே மெக்கானிக்காப் பூட்ட" என்றாய். காசிம் பாய்க்கும் தோன்றவில்லை, ரேஷன் கடைக்காரருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நம் ஊரில் இப்படிப்பட்ட கை தெருவுக்குத் தெரு இருக்கிறது. அத்தனை கைகளுக்கு நடுவில் இது வேறு என்று கண்டது நீ ஒருத்திதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மார்பு விரிகிறது. டிரைவர் யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வண்டியின் சத்தத்தைக் கேட்கிறேன்.

ரத்தச் சோதனையில் "ஜோ-ஒன்" என்று வந்தது. யார் அது, எந்த ஊர்க்காரன் என்று கேட்டேன். நோயாளி ஒருவரின் பெயரை ஒட்டி வைத்த பெயர் என்று சொன்னாய். பிறகு பொறுமையாக விளக்கினாய். உடம்பில் காவலுக்கு இருக்கிற சாமான்கள் கிருமியைப் பிடிக்க வேண்டியவை. அவை வழி தவறி, நம் செல்லுக்குள்ளேயே சரக்கு ஏற்றுகிற ஒரு கருவியைத் திருடன் என்று அடையாளம் குறித்துவிடுகின்றன. துறைமுக வாசல் செக்யூரிட்டி, தினமும் உள்ளே போய் லோடு ஏற்றுகிற ஆளையே சட்டையைப் பிடிப்பது மாதிரி. அதில் தசையும் அடி வாங்குகிறது, நுரையீரலும் அடி வாங்குகிறது. இதே வியாதியில் வேறு ஆட்களுக்கு வேறு கருவி மேல் குறி விழும், அதற்கு வேறு பெயர், வேறு போக்கு. பெயர் தெரிந்தால்தான் நுரையீரலைக் கவனிக்க வேண்டுமா, வேறெதைக் கவனிக்க வேண்டுமா என்று தெரியும் என்றாய்.

அடுத்து நீ லேபில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். ஜீன் என்றாய், எக்ஸ்பிரஷன் என்றாய், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அப்போது நீ ஷெட்டில் கிடக்கும் தடிப் புத்தகத்தை ஞாபகப்படுத்தினாய். வண்டிக் கம்பெனி கொடுத்த சர்வீஸ் புத்தகம், எல்லா ஷெட்டிலும் ஒரே புத்தகம்தான். "ஆனா நைனா, எந்தப் பக்கத்துல எண்ணெக் கறை கீதுன்னு பாத்தா, அந்த ஷெட்ல எந்த வேல நடந்துகினு கீதுன்னு சொல்லிடலாம்ல?" என்றாய். சொல்லலாம், நான் சொல்வேன். ஒவ்வொரு செல்லிலும் அதே மாதிரி ஒரே புத்தகம் இருக்கிறது. நோய் வந்த தசையில் எந்தெந்தப் பக்கம் அதிகமாகத் திறந்திருக்கிறது, எது மூடிக் கிடக்கிறது என்று பார்ப்பதுதான் உன் வேலை. வெளியே பார்த்தால் எல்லாருக்கும் பலம் போகிறது, ஆனால் குறி எந்தக் கருவி மேல் விழுந்ததோ அதற்கேற்ப திறந்திருக்கும் பக்கங்கள் மாறுகின்றன என்றாய். வண்டியைத் திறக்காமல் எதையும் மாற்றாதே என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னதை, நீ கண்ணுக்குத் தெரியாத அளவில் செய்துகொண்டிருக்கிறாய்.

என் தொடையிலிருந்து புளியங்கொட்டை அளவு தசை எடுத்தார்கள். ஒரு பகுதி சோதனைக்கு, ஒரு பகுதி உங்கள் ஆராய்ச்சிக்கு. கையெழுத்துப் போடும்போது "எம் பொண்ணுதான பாக்கப் போறா" என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, டப்பாவில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான், எது யாருடையது என்று லேபில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து உன்னிடம், "அப்ப என்னுது எதுன்னே தெரியாம நீ வேல செய்வியா?" என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியாது. அதனால எல்லாத்தையும் உன்னுதுன்னு நெனச்சிகினுதான் தொடுவேன்" என்றாய். சொல்லிவிட்டு ரசம் கேட்டாய். அன்றைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு ரசம் ஊற்றியது எதற்கென்று இப்போது தெரிந்துகொள்.

அதற்கப்புறம் இந்த இரண்டு வருஷத்தில் உன்னைப் படுத்தியதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் பூசணிக்காய் ஆனது, பசி பேய்ப்பசி ஆனது, கோபமும் கூடவே வந்தது. குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன். உப்பைக் குறைக்கச் சொன்னது டாக்டர் என்று எனக்குத் தெரிந்தும் தள்ளினேன். ஒருநாள் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தபோது, ஏழு வருஷமாக உள்ளே கிடந்ததைக் கடைசியில் கேட்டே விட்டேன். அன்றைக்கு மேடையில் முகத்தைத் திருப்பினாயே, ஏன்? உனக்கு முதலில் என்ன மேடை என்றே ஞாபகம் வரவில்லை. வந்ததும் என்னை நேராகப் பார்த்து, "ஹெச்.எம். கைய நீட்டுனாங்க, நீ குடுக்கல. அவங்க முன்னாடி நீ ஏன் நைனா அப்படிக் கூனிப் போன? அதப் பாக்க முடியாமதான் திரும்பிகினேன்" என்றாய். டோக்கன் எண் கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை. என் கையைப் பற்றி வெட்கப்பட்டவன் நான், பழியை உன் மேல் போட்டேன். மன்னித்துவிடு என்று நேரில் சொல்ல வாய் வரவில்லை, இங்கே எழுதுகிறேன். மன்னித்துவிடு.

திங்கட்கிழமை உனக்குத் தெரியாமல் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். மறுபடியும் உனக்குத் தெரியாமல்தான், ஆனால் இந்தத் தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். "வியாதி அடங்கியிருக்கு. போயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். நுரையீரல் இப்ப இருக்கிற அளவுலயே நிக்குது, அது நல்ல விஷயம்" என்றார். திரும்பி வருமா என்றேன். வரலாம் என்றார். அதை நான் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அப்படியானால் என் மகள் போகலாமா என்று கேட்டேன். "அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க? மாத்திரையை நீங்களா நிறுத்தாம இருப்பீங்களா, அதைச் சொல்லுங்க. அவ போறதும் போகாததும் அதுலதான் இருக்கு" என்றார். நிறுத்தமாட்டேன் என்று அவர் மேஜையில் அடித்துச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். மூச்சு கொஞ்சம் கூடுதலாக வாங்கினாலும், சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. உன் மேடத்தின் நம்பர் காசிம் பாய் போனிலும் ஏறியாயிற்று. ஷெட்டில் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து சத்தம் கேட்டுச் சொல்வது மட்டும்தான் என் வேலை. படுத்து எழுகிற வேலையை விட்டுவிட்டேன், அதில் வருத்தமும் இல்லை.

என் வியாதிக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டாய், மாத்திரை கிடைத்துவிட்டது. ஆனால் மாத்திரை போட்டும் கேட்காத ஆட்கள் அந்த வார்டில் உட்கார்ந்திருப்பதை நானும் பார்க்கிறேன். மாதவரத்திலிருந்து தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வருகிற அந்தப் பால் பூத் பையனை உனக்கும் தெரியும். அவன் அம்மாவுக்கு எந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டாமா? அங்கே போய் நாலு வருஷம் கற்றுக்கொண்டால் அதை உன்னால் பார்க்க முடியும் என்று உன் மேடம் சொல்கிறார். அங்கே யாராவது உன்னைக் கை குலுக்கக் கூப்பிட்டால் குலுக்கு. அப்பா என்ன வேலை என்று கேட்டால் மெக்கானிக் என்று சொல். அவர்கள் வியாதியை நினைத்துக்கொண்டு புருவத்தைத் தூக்கினால், இல்லை, நிஜ மெக்கானிக் என்று சொல்லிவிட்டு அந்த மூன்று நாள் கதையைச் சொல், சிரிப்பார்கள். குளிரில் உன் விரல் வெடித்தால் மட்டும் எனக்கு உடனே படம் எடுத்து அனுப்பு. இனி வெடிப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை நான்.

இன்று காலை நீ கிளம்பிய பிறகு கார்டை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். சொல்லாமல் போனதற்குக் காரணம், விழாவிட்டால் உனக்குத் தெரியவேண்டாம் என்றுதான். கொஞ்ச நாளாகவே விரல் ஓரம் மெத்தென்று ஆகியிருப்பதை நீயும் பார்த்தாய். கடைக்காரர் என்னைக் கண்டதும், "இன்னாண்ணே, பாப்பா வர்ல?" என்றார். வேட்டியில் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தேன். மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு கிர்ரென்று சீட்டு வந்தது. "அட, விழுந்துட்ச்சேண்ணே! இன்னா, புது வெரலு போட்டுகினு வந்தியா?" என்றார். "எம் பொண்ணு ரிப்பேர் பண்ணிட்டாபா" என்றேன். வரிசையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. அரிசியைக் காசிம் பாய்தான் வண்டியில் கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்தார், அதில் பொய் சொல்லமாட்டேன். சர்க்கரையையும் பருப்பையும் நானே தூக்கி வந்தேன்.

அந்தச் சீட்டை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். ஒரு தடவை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரை இழுக்காமல் இப்போதே உட்கார்ந்து அவர்களுக்கு வருகிறேன் என்று பதில் எழுது. அனுப்பிவிட்டு பால்கனிக்கு வந்து ஒரு குரல் கொடு. நான் ஏறி வருகிறேன். இரண்டாம் மாடியில் கொஞ்சம் நின்றுதான் வருவேன். செல்வி அக்கா கேட்டால், மூச்சு வாங்குது தாயீ, அதான் நிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வேன். நேரமாகிறதே என்று நீ இறங்கி வராதே.